பாட்டியின் வெள்ளிக்கிழமைக்கு ஓர் இத்தாலியச் சமையல்

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில், வாரத்தில் ஒருநாள் இரவு உணவை நானே சமைப்பது என்று முடிவெடுத்தேன். படிப்பும் பகுதிநேர வேலையுமாக நான், பாதி வாரம் இரவுப் பணிக்குச் செல்லும் அப்பா, தேர்வுக்குத் தயாராகும் தம்பி. பாட்டியையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

சோறு, குழம்பு சமைப்பதில் அம்மாவுடன் போட்டிபோட முடியாது. அதனால் இத்தாலியச் சமையலைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒரு பாடம் எனக்காகக் காத்திருந்தது.

முதல் வாரம் செய்த தவறு

தாத்தா காலமானதிலிருந்து என் பாட்டி சைவம். கடந்த 11 ஆண்டுகளில் மீன், இறைச்சி, முட்டை எதையும் அவர் தொட்டதில்லை. எனவே தக்காளி, பூண்டு, பேசில் இலை மட்டும் சேர்த்த எளிய பாஸ்தாவை முதலில் செய்தேன். மேலே பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைத் தாராளமாகத் துருவித் தூவினேன். பாட்டி தட்டைக் காலி செய்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் வை கண்ணு,” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று நாள் கழித்து, மிச்சமிருந்த சீஸை எடுத்தபோதுதான் உறையில் இருந்த பொருள்களைப் படித்தேன். பால், உப்பு, ரென்னட். மூன்றாவது என்னவென்று தேடிப் பார்த்தேன். பாலைக் கட்டியாக உறையவைக்கும் நொதி அது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவைப் பொறுத்தவரை, அது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. பாரம்பரிய விதிமுறைப்படி வேறு வகை ரென்னட்டைப் பயன்படுத்த முடியாது. கிரானா பதானோ சீஸுக்கும் விலங்கு ரென்னட்தான். ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பாட்டிக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் அவர் 11 ஆண்டுகள் காத்த ஒன்றை நான்தான் உடைத்தேன். அதை மறைப்பதும் நானாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. மறுநாள் காலை பூசை முடித்து வந்தவரிடம் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தெரியாம செஞ்சது. தெரிஞ்சதும் சொன்னே பாரு, அது போதும்,” என்றார். கூடவே ஒரு கேள்வி: “வேற எதிலெல்லாம் இப்படி இருக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இத்தாலியச் சமையலை ஒழுங்காகப் படித்தேன்.

எளியவர்கள் உருவாக்கிய சுவை

இத்தாலிய உணவு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இறைச்சிச் சாறு ஊற்றிய ‘ஸ்பெகட்டி பொலோனீஸ்’. ஆனால் பொலோனியா நகரில் அந்தச் சாற்றை ஸ்பெகட்டியுடன் அல்ல, தட்டையான தாலியத்தெல்லே பாஸ்தாவுடன்தான் பரிமாறுவார்கள். அதன் செய்முறையை 1982ஆம் ஆண்டில் அந்நகரின் வர்த்தக சபையில் முறைப்படி பதிவே செய்திருக்கிறார்கள்.

இத்தாலிய வீடுகளில் அன்றாடம் மனத்துக்கு இதமளிக்கும் உணவுகள் பலவும் இறைச்சி வாங்க வசதியில்லாதவர்கள் உருவாக்கியவை. ‘குச்சினா போவெரா’, அதாவது ஏழைகளின் சமையல் என்று அதற்குப் பெயர். காய்ந்த ரொட்டியைத் தக்காளியில் வேகவைத்தால் தஸ்கனி வட்டாரத்தின் ‘பாப்பா அல் பொமொடோரோ’. பருப்பு வகைகளுடன் பாஸ்தாவைச் சேர்த்தால் வயிறு நிறைய ஒரு வேளைச் சாப்பாடு.

தக்காளியே இத்தாலிக்குப் புதிது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த காய் அது. நம் ரசத்துக்கும் குழம்புக்கும் வந்து சேர்ந்ததும் அதே வழியில்தான். பெல்லெக்ரினோ ஆர்தூசி என்பவர் 1891ல் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல் இத்தாலிய வீடுகளில் இன்றும் புகழ்பெற்றது. ஊரில் எல்லா விவகாரத்திலும் தலையிட்ட ஒரு பாதிரியாருக்கு மக்கள் ‘தக்காளி’ என்று பட்டப்பெயர் வைத்த கதையை அதில் அவர் சொல்கிறார். தக்காளியும் எல்லாவற்றிலும் நுழைந்துவிடுகிறதே!

ரோமிலும் வெள்ளிக்கிழமை

பாட்டிக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் நாள். ரோம் நகரில் அன்று சமைக்கும் பாரம்பரிய உணவுகளில் ஒன்று ‘பாஸ்தா ஏ சேச்சி’. வேறொன்றுமில்லை, கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வீட்டில் தனக்காகக் காத்திருக்கும் எளிய இரவுணவாக லீக்ஸ், கொண்டைக்கடலை, ‘லகானா’ எனும் மாவுப் பண்டம் ஆகியவற்றை ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் குறிப்பிட்டிருக்கிறார்.

“அங்கேயும் வெள்ளிக்கிழமை கடலைதானா?” என்று பாட்டி சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அதையே சமைப்பது என்று முடிவானது.

நான்கைந்து பேருக்குச் செய்வது எப்படி?

200 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, மறுநாள் மெத்தென்று ஆகும்வரை குக்கரில் வேகவைக்கவும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

அகலமான பாத்திரத்தில் 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை மிதமான சூட்டில் வைத்து, நசுக்கிய 3 பூண்டுப் பற்கள், ஒரு காய்ந்த மிளகாய், ஒரு கொத்து ரோஸ்மேரி சேர்க்கவும். நம் தாளிப்பைப்போல் எண்ணெய் புகைய வேண்டாம். பூண்டு பொன்னிறமானால் போதும், கருகினால் கசக்கும்.

அதில் 2 மேசைக்கரண்டி தக்காளி விழுதைக் கிளறி, கடலையையும் அதன் தண்ணீரையும் ஊற்றவும். பத்து நிமிடம் கொதித்ததும் ரோஸ்மேரிக் கொத்தை எடுத்துவிட்டு, கடலையில் பாதியை மசித்து மீண்டும் சேர்த்தால் சாறு கெட்டியாகும். பாலாடை தேவையில்லை.

கடைசியாக 200 கிராம் சிறிய வகைப் பாஸ்தாவை அந்தச் சாற்றிலேயே வேகவைக்கவும். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். சிறிய பாஸ்தா இல்லையென்றால் ஸ்பெகட்டியை உடைத்துப் போடலாம். நேப்பிள்ஸ் நகரில், மிஞ்சிய பலவகைப் பாஸ்தாக்களைக் கலந்து போடுவதே வழக்கம். உப்பு சரிபார்த்து, சிறிது ஆலிவ் எண்ணெய் ஊற்றி இறக்கவும்.

பாஸ்தாவைத் தனியே வேகவைக்கும் நாள்களில் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர்களின் கணக்கு. வெந்த தண்ணீரில் ஒரு குவளை எடுத்துவையுங்கள். சோறு வடித்த கஞ்சியைப்போல் அதில் இருக்கும் மாவுச்சத்துதான் சாற்றைப் பாஸ்தாவுடன் ஒட்டவைக்கிறது.

சீஸுக்குப் பதில் ரொட்டித்தூள்

சீஸ் இல்லாமல் என்ன தூவுவது? அதற்கும் இத்தாலியிலேயே விடை இருந்தது. சீஸ் வாங்க முடியாத தென்னித்தாலிய மக்கள், காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி ஆலிவ் எண்ணெயில் பூண்டுடன் மொறுமொறுப்பாக வறுத்துப் பாஸ்தாமீது தூவினார்கள். ‘ஏழைகளின் சீஸ்’ என்றே அதை அழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மிஞ்சும் ரொட்டித் துண்டுகளுக்கு இப்போது வேலை வந்துவிட்டது.

சைவ உணவு உண்போருக்கும் ஹலால் உணவு உண்போருக்கும் சமைக்கும் நண்பர்கள், சீஸ் வாங்கும்போது அது எந்த வகை ரென்னட் என்று பாருங்கள். நுண்ணுயிர் வழி தயாரித்த ரென்னட்டைப் பயன்படுத்தும் சீஸ் வகைகளும் உண்டு. உறையில் வெறும் ‘ரென்னட்’ என்று மட்டும் இருந்தால், சைவம் என்று நினைத்துவிட வேண்டாம். பாஸ்தாவிலும் கவனம் தேவை. உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். குளிர்பெட்டியில் விற்கும் புதிய பாஸ்தாவில் முட்டை இருக்கலாம்.

ஐந்து தட்டுகள்

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு இரவுப் பணி. அதனால் மாலை ஆறு மணிக்கே சாப்பிட உட்கார்ந்தோம். முதலில் “சோறு இல்லையா?” என்று கேட்ட அப்பா, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். தம்பி கைப்பேசியை எடுக்கவில்லை. பாட்டி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்கு. கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம்,” என்றார்.

இப்போது பேரங்காடிக்குப் பாட்டியும் என்னுடன் வருகிறார். அடுக்கிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் என்னிடம் நீட்டுகிறார். “இதைப் படிச்சுச் சொல்லு.”

நான் கடைசி வரி வரை படிக்கிறேன்.