பழுதாகி நின்ற வேனால் பலியான 7 பெண்கள்: விபத்தை தடுக்க போக்குவரத்து போலீசார் செய்வது என்ன?

ஆம்பூர்,

ஆம்பூர் அருகே உள்ள ஓணாங்குட்டை கிராமத்தை சேர்ந்தவர்கள் கர்நாடக மாநிலம் தர்மஸ்தலாவுக்கு வேனில் சுற்றுலா சென்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். 2023-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி அதிகாலை நேரம். நாட்டறம்பள்ளி அருகே வந்தபோது வேன் பழுதாகி நின்றது. சரி செய்யும் வரை காத்திருக்கலாம் என்று இறங்கி, வேனுக்கு முன்பாக சாலையிலேயே உட்கார்ந்தனர். பின்னால் வேகமாக வந்த மினி லாரி வேன் மீது மோதியது. அந்த வேகத்தில் வேன் உட்கார்ந்திருந்தவர்கள் மீது பாய்ந்தது. 7 பெண்கள் பரிதாபமாக உயிரிழந்தனர்.

யாரும் சிக்னலை தாண்டவில்லை. தவறான பாதையில் போகவில்லை. நின்ற வண்டியே எமனாகி விட்டது. அதே ஆண்டு நவம்பரில் வாணியம்பாடி அருகே செட்டியப்பனூரில் அரசு விரைவு பஸ்சும், ஆம்னி பஸ்சும் நேருக்கு நேர் மோதியதிலும் உயிர்கள் பறிபோயின.

ரோட்டில் கையை காட்டி நிறுத்தி அபராதம் போடுவதுதான் போக்குவரத்து போலீசின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். ஒரு இடத்தில் நடந்த விபத்து அதே இடத்தில் மறுபடி நடக்காமல் பார்ப்பது மீதி வேலை.

ஷிப்டு முடியும் நேரம்

சென்னை-பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக செல்கிறது. தோல் தொழிற்சாலைகளும், ஷூ கம்பெனிகளும் பெரும்பாலும் இந்த சாலையை ஒட்டியே உள்ளன. ஆம்பூரை இந்த ரோடு நடுவே பிளந்து கொண்டு போகிறது.

காலையும் மாலையும் கம்பெனி விடும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே சமயத்தில் வெளியே வருகிறார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். ஒருபக்கம் கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, மொபட். மறுபக்கம் நிற்காமல் ஓடும் கண்டெய்னர் லாரிகள். இந்த நேரத்தில் போலீசார் இரும்பு தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து வேகத்தை குறைத்து, ஆட்களை கூட்டமாக கடக்க விடுகின்றனர். "பஸ் போயிடும் சார்" என்று தனியாக ஓடுபவர்கள்தான் பெரும்பாலும் அடிபடுகிறார்கள்.

வேலூரில் நிலைமை வேறு. கிரீன் சர்க்கிள், காட்பாடி ரோடு, சி.எம்.சி. ஆஸ்பத்திரி பகுதியில் வேகத்தை விட நெரிசல்தான் பிரச்சினை. வெளிமாநில நோயாளிகளும் ஆம்புலன்சும் வந்து கொண்டே இருப்பதால் வழி விடச்செய்வதே பெரிய வேலை. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம்.

கரும்புள்ளி என்றால் என்ன?

விபத்து நடந்ததும் போலீசார் செல்போன் செயலி மூலம் சம்பவ இடத்தையே பதிவு செய்கின்றனர். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, வெளிச்சம் இருந்ததா, ரோடு வளைவா என்று எல்லாமே அதில் ஏறும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்த முறை 2021-ம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது படுகாயம் ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்தாலோ, மொத்தம் 10 பேர் இறந்தாலோ அந்த இடம் "கரும்புள்ளி" ஆகிறது. அங்கே மின்விளக்கு, எச்சரிக்கை பலகை, தடுப்புச்சுவர், நடைமேம்பாலம் ஆகியவற்றில் எது தேவை என்று நெடுஞ்சாலை துறைக்கு போலீசார் எழுதுகின்றனர். கட்டிக்கொடுப்பது நெடுஞ்சாலை துறை. கணக்கு கொடுப்பது போலீஸ்.

அதனால்தான் "சின்ன அடிதானே, பேசி முடிச்சுக்கலாம்" என்று மறைத்தால் நஷ்டம் ஊருக்கும் சேர்த்துதான். கணக்கில் வராத விபத்துக்கு விளக்கும் வராது, தடுப்பும் வராது.

வழக்கு இருந்தால்தான் பணம்

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் போலீஸ் பதிவு முக்கியம். இன்சூரன்ஸ் இழப்பீடு கேட்க முதல் தகவல் அறிக்கை வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி கிடைக்காவிட்டாலும் கைவிட தேவையில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாய் என 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் மத்திய அரசின் திட்டம் உள்ளது. அதற்கும் போலீஸ் அறிக்கை தேவை.

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் "கோர்ட்டு, கேஸ்னு அலைய விடுவாங்க" என்ற பயமும் வேண்டாம். உதவியவர் பெயர், முகவரி சொல்ல கட்டாயம் இல்லை என்று சட்டமே பாதுகாப்பு கொடுத்துள்ளது.

அபராதம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு அக்டோபரில் அபராத தொகை உயர்த்தப்பட்டது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். பின்னால் உட்காருபவருக்கும் இதே சட்டம்தான். லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 5 ஆயிரம். குடித்துவிட்டு ஓட்டினால் 10 ஆயிரம். 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியை கொடுத்தால் பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கும்.

தினக்கூலிக்காரருக்கு 1,000 ரூபாய் என்பது ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல். ஆனால் சம்பாதிக்கும் ஆள் படுத்துவிட்டால் மாதக்கணக்கில் அடுப்பு எரியாது.

வண்டி நின்றுவிட்டால்...

80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கும். டிரைவர் பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் 40 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க அதற்கு மேலும் தூரம் வேண்டும்.

எனவே நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் முடிந்தவரை இடது ஓரமாக ஒதுக்க வேண்டும். நான்கு பக்க இண்டிகேட்டரையும் எரிய விட வேண்டும். சிவப்பு முக்கோண பலகையை குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். முக்கியமாக, எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டு விலகி தூரமாக நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ, பின்னாலோ, நடுத்திட்டிலோ உட்காரவே கூடாது. பிறகு நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு போன் செய்தால் ரோந்து வண்டி வரும். அடிபட்டவர் இருந்தால் 108.

ஓணாங்குட்டை பெண்கள் வீடு வந்து சேர இன்னும் கொஞ்ச தூரமே பாக்கி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.