நாற்காலியை மாற்றினால் முதுகுவலி போய்விடுமா?

அண்மைக் காலமாக முதுகுவலியோடு வருகிறவர்கள் பலர், வலி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே செல்போனை எடுத்து ஒரு நாற்காலியின் படத்தைக் காட்டுகிறார்கள். "இதை வாங்கலாமா டாக்டர்?" விசாரித்தால் ஏற்கெனவே ஒன்று வாங்கியாகிவிட்டது என்பார்கள். அது சரிப்படவில்லை என்று முதுகுக்கு ஒரு குஷன், இடுப்புக்கு ஒரு பெல்ட். இடையிடையே மெடிக்கல் ஷாப் மாத்திரை. இப்படியே மாதங்களைக் கடத்திவிட்டு, வலி தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்கிய பிறகுதான் மருத்துவமனைப் படி ஏறுகிறார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பலருக்குச் சில பயிற்சிகளோடு முடிந்திருக்கும்.

நல்ல நாற்காலி அவசியம்தான். அது வலியைக் கிளறாமல் பார்த்துக்கொள்ளும். குணப்படுத்துவது அதன் வேலை இல்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்

"கடைத் தம்பி கொடுத்தாரு, போட்டதும் கேட்டுச்சு" என்கிறார்கள். கேட்கத்தான் செய்யும். வலி தெரியாததால் அதே நாற்காலியில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காருவீர்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். வாரக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பொட்டலம் கட்டிக் கொடுக்கிற பெயர் தெரியாத மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம். தயவுசெய்து அதைத் தொடவே தொடாதீர்கள்.

எல்லோரும் நம்புகிற தவறுகள்

"90 டிகிரியில் விறைப்பாக நிமிர்ந்து உட்காரணும்" என்பது முதல் தவறு. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே முதுகு டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, சாயாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுதலாக இருந்தது. அவரும் சக ஆய்வாளர்களும் 1970-களில் நாற்காலியின் சாய்மானத்தைப் பின்னுக்குச் சாய்த்து, இடுப்புக்கு முட்டுக் கொடுத்து அளந்தபோது அது குறைந்தது. ஆகவே, 100 முதல் 110 டிகிரி வரை சாய்ந்து உட்காருங்கள். சாய்வது சோம்பேறித்தனம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுங்கள்.

"மெத்து மெத்தென்று இருந்தால் நல்லது." இல்லை. உடல் புதையும் அளவுக்கு மெத்தென்ற இருக்கையில் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன்போடும்.

"பெல்ட் போட்டால் போதும்." நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்புப் பெல்ட்டைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது.

"வெறும் தரையில் படுத்தால் சரியாகிவிடும்." ஸ்பெயினில் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதுகில் ஏறி மிதிப்பதையும், சுளுக்கு எடுக்கிறேன் என்று முறுக்குவதையும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படி மிதிபட்டு வந்த ஒருவர் என் அறைக்குள் நடந்து வந்தபோது ஒரு கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. நரம்பு அந்த அளவுக்கு நசுங்கியிருந்தது.

கடையில் எதைப் பார்ப்பது?

விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மேசையை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மேசைகள் சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் முழங்கை மேசைமட்டத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றினால் குதிகால் அந்தரத்தில் தொங்கும். நாற்காலியை இறக்கினால் தோள் தூக்கிக்கொள்ளும். ஏற்றியே வைத்துக்கொண்டு காலடியில் ஒரு மணைப்பலகையைப் போடுங்கள்.

அடுத்தது, யாரும் கவனிக்காத இருக்கையின் ஆழம். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர், பெரிய தொகைக்கு வாங்கிய நாற்காலியைப் படமெடுத்துக் காட்டினார். சாய்மானத்தின் பிளாஸ்டிக் உறை கசங்காமல் அப்படியே இருந்தது. இருக்கை ஆழமாக இருந்ததால் அவர் முன்விளிம்பில் தொத்தியே உட்கார்ந்திருக்கிறார். அத்தனை பணமும் அந்தச் சாய்மானத்துக்குத்தான் போயிருக்கிறது.

சாய்மானத்தின் புடைப்பு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முதுகு உட்குழிந்த பகுதியில் பொருந்த வேண்டும். கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைய வேண்டும். இடித்தால் எட்டி உட்கார்ந்து குனிவீர்கள். கடையில் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். வாங்க வசதி இல்லையா? இருக்கிற நாற்காலியிலேயே குளியல் துண்டைச் சுருட்டி இடுப்புக் குழியில் வையுங்கள். லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனிக் கீபோர்டு போடாவிட்டால் எந்த நாற்காலியும் உதவாது.

நாற்காலியைக் குறை சொல்லக் கூடாத வலி

காலில் பலம் குறைவது, மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். மற்றபடி, முதுகுவலி என்று வருகிற எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். போன் பேசும்போது நடங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளரில் தண்ணீர் குடியுங்கள், நிரப்புவதற்காவது எழுந்திருப்பீர்கள். கட்டிலில் சம்மணமிட்டு லேப்டாப்பை மடியில் வைக்காதீர்கள். தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்வதும் மாற்று இல்லை.

அலுவலகத்துக்கு மொத்தமாக நாற்காலி வாங்குபவர்களே, ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஒரே அளவைப் போடாதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டம் திருத்தப்பட்டது. முதலாளிகளே, பேருக்கு ஒரு ஸ்டூல் வேண்டாம். அதற்குச் சாய்மானம் இருக்கட்டும், கால் தரையில் படட்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தால் தயவுசெய்து எழுப்பாதீர்கள்.