சக்கர நட்டை எவ்வளவு இறுக்குவது?

தோட்டப்புறத்தில் கார் இன்று அரிய பொருளன்று. பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் பழைய கார் ஒன்றையேனும் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. டயர் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, பிரேக்குகளைக் கழற்றிப் பார்ப்பது போன்ற வேலைகளை ஓய்வு நாளில் தம் கையாலேயே செய்துகொள்வோரும் உளர். பாராட்டத்தக்க பழக்கமே. ஆயினும் அவ்வேலைகள் யாவும் இறுதியில் ஒரு நட்டையோ திருகையோ இறுக்குவதில் முடிகின்றன. அதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் பணி நிமித்தமாக ஒரு தோட்டத்திற்குச் சென்று திரும்புகையில், செம்மண் சாலையில் என் காரின் பின் டயர் காற்றிழந்தது. அவ்வழியே வந்த இளைஞர் ஒருவர் மனமுவந்து உதவினார். மாற்றுச் சக்கரத்தைப் பொருத்தியபின், ஸ்பேனரின் முனையில் ஏறி நின்று ஒவ்வொரு நட்டுக்கும் இருமுறை குதித்தார். “இனி இது கழலவே கழலாது, சார்” என்றார். அவர் வாக்குப் பலித்தது. பழுது பார்த்த டயரை மீண்டும் பொருத்த முயன்றபோது இரண்டு நட்டுகள் அசைய மறுத்தன. மூன்றாவது நட்டு, போல்ட்டின் பாதியோடு முறிந்து கையில் வந்தது.

அவர் அஞ்சியதும் காரணமின்றி அன்று. இறுக்கம் குறைந்தால் சக்கரம் ஓட்டத்தில் சிறிது சிறிதாக ஆடும். போல்ட்டுகள் முன்னும் பின்னும் வளைந்து களைத்து ஒடியும். நெடுஞ்சாலையில் ஒரு சக்கரம் கழன்றோடினால் நேரக்கூடியதை நான் எழுதத் தேவையில்லை. குறையும் ஆபத்து, மிகையும் ஆபத்து என்பதே இங்குள்ள சிக்கல்.

பால்மரம் வெட்டுவோர் இத்தகைய சிக்கலை நாள்தோறும் கையாளுகின்றனர். கத்தி ஆழமாகச் செல்லாவிடில் பால் குறையும். சற்றே மிகுந்து சென்றால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயமுற்று, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். அப்படலத்திற்கு மேல் விட்டுவைக்க வேண்டிய பட்டையின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அந்த அளவைக் கை அறிந்திருப்பதற்குக் காரணம், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மரங்களை அது வெட்டுகிறது என்பதே. சக்கர நட்டையோ நாம் ஆண்டுக்கு நாலைந்து முறைதான் தொடுகிறோம். அவ்வளவில் கை எதையும் கற்றுக்கொள்ள இயலாது. ஆகவே அளந்து இறுக்கும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. அதுவே டார்க் ரெஞ்சு.

போல்ட்டு உண்மையில் மிக விறைப்பான ஒரு சுருள்வில் போன்றது. நட்டை இறுக்கும்போது அது மயிரிழையளவு நீளுகிறது. பழைய நீளத்திற்குத் திரும்ப முயலும் அதன் இழுப்பே சக்கரத்தை அச்சுத் தலையோடு அழுத்திப் பிடிக்கிறது. போதிய அளவு நீளாவிட்டால் பிடிப்பு இல்லை. எல்லை கடந்து நீண்டால் அது தன் பழைய நீளத்திற்குத் திரும்பாது. மரை சிதையும், அல்லது போல்ட்டு ஒடியும். இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நாம் செலவிடும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. எஞ்சியதெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உண்டாகும் உராய்வில் கழிகிறது. துருப்பிடித்த நட்டு “இறுகிவிட்டது” என்று கையை ஏமாற்றுவது இதனால்தான். மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே விசையில் போல்ட்டு அளவுக்கு மீறி நீண்டுவிடும். கையேடு வேறுவிதமாகக் கூறாத வரை, சக்கர போல்ட்டுகளின் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, உலர்ந்த நிலையிலேயே இறுக்க வேண்டும்.

முறுக்கு விசையை நியூட்டன் மீட்டர் என்னும் அலகில் அளக்கின்றனர். 1 மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாவது ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். சிறிய கார்களின் சக்கர நட்டுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 100-ஐ ஒட்டிய அளவே. டொயோட்டா வியோஸ் காருக்கு 103 என்றும், ஹோண்டா சிட்டி காருக்கு 108 என்றும் குறிக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர்க் குழாயின் முனையில் அசையாது நின்றாலே அது 290-ஐத் தாண்டிவிடும். குதித்தால்? எனக்கு உதவிய இளைஞர் தேவையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாகவே இறுக்கியிருக்கிறார்.

உங்கள் காருக்கு உரிய அளவு அதனோடு வந்த கையேட்டில் இருக்கும். அண்டை வீட்டாரின் காருக்கு உரியதை இரவல் வாங்காதீர். அலகையும் கவனிக்க வேண்டும். பழைய ஜப்பானியக் கையேடுகளில் 1050 கிலோகிராம் சென்டிமீட்டர் என்றிருப்பது 103 நியூட்டன் மீட்டரே. கருவிகள் பலவற்றில் நியூட்டன் மீட்டர், அடி-பவுண்டு ஆகிய இரண்டு அளவுகோல்கள் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கும். 103-ஐத் தவறுதலாக அடி-பவுண்டுக் கோட்டில் வைத்தால் நட்டின்மீது ஏறுவது 140 நியூட்டன் மீட்டர்.

கடையில் மூவகைக் கருவிகளைக் காணலாம். வளையும் தண்டும் முள்ளும் கொண்டது மலிவானது. பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் முள்ளை நேர் எதிரே பார்த்துப் படிக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கி எண்களைக் காட்டுவது துல்லியமானதுதான்; ஆண்டுக்குச் சில முறை மட்டுமே எடுக்கும் கருவிக்கு அச்செலவு வேண்டியதில்லை என்பது என் கருத்து. குறித்த அளவை எட்டியதும் ‘டக்’கென்று ஒலித்துக் கையில் ஓர் அசைவை உணர்த்தும் வகையே வீட்டிற்கு ஏற்றது. குனிந்து, மங்கிய ஒளியில் வேலை செய்பவருக்கு முள்ளைப் பார்ப்பதைவிட ஒலியைக் கேட்பது எளிது.

அரை அங்குலச் சதுர முனையும், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரையிலான அளவும் உடையதை முதலில் வாங்குக. பெரியதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று எண்ணுவது தவறு. அளவுகோலின் அடிமட்டத்தில் கருவியின் துல்லியம் குறையும். ஒலியும் மெலிந்து, கவனியாமல் கடந்துவிட நேரும். 10 மில்லிமீட்டர் மரையுள்ள மோட்டார் சைக்கிள் ஸ்பார்க் பிளக்கிற்கு வேண்டியது 10 முதல் 12 வரைதான். அதைப் பெரிய கருவியால் இறுக்கி அலுமினிய மரையைச் சிதைத்துவிட்டால் செலவு பிளக்கோடு நில்லாது. அத்தகைய வேலையும் செய்பவர் மூன்றெட்டு அங்குல முனையுள்ள சிறிய கருவி ஒன்றைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். பெரிய கருவியை நாலைந்து வீட்டார் கூட்டாக வாங்கினாலும் போதும்.

சக்கரத்தைப் பொருத்தும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையாலும், பின்பு சாதாரண ஸ்பேனராலும் மிதமாக இறுக்கிக்கொள்க. ஜாக்கியைத் தணித்து டயர் தரையில் ஊன்றியபின் டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். ஒன்றை இறுக்கியதும் அதற்கு அடுத்ததற்குச் செல்லாமல் எதிரே உள்ளதற்குச் செல்க. ஐந்து நட்டுகள் இருப்பின் நட்சத்திரம் வரைவதுபோல் ஒன்று விட்டு ஒன்றாகச் செல்க. கைப்பிடியின் நடுவைப் பிடித்து, வெடுக்கென இழுக்காமல் சீராக இழுக்க வேண்டும். ஒலி கேட்டதும் நிறுத்துக. “இன்னும் ஒரு தடவை” என்பது நம்மவர் கைக்கு இயல்பு. அந்த ஒரு தடவைதான் அளந்ததை வீணாக்குகிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பட்டறையில் காற்றழுத்தக் கருவியால் இறுக்கித் தந்த சக்கரத்தையும் வீட்டிற்கு வந்ததும் தளர்த்தி, அளந்து இறுக்குவது நலம். தளர்த்தாமல் சோதித்தால் மிகை இறுக்கம் தெரியாது.

நட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தலாகாது. வேலை முடிந்ததும் அளவை அதன் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கும் கீழே திருகக்கூடாது. உள்ளிருக்கும் சுருள்வில் ஓயாத அழுத்தத்தில் கிடந்தால் தன் அளவை மறந்துவிடும். தொழிலாகப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கொரு முறை, அல்லது 5,000 முறை இறுக்கியபின் இதனைச் சோதிக்க வேண்டுமென்பது உலகத் தர விதி. வீட்டிலோ அரிசிப் பையைக் கொண்டே ஓரளவு சோதிக்கலாம். சதுர முனையை இடுக்கியில் பிடித்து, கருவியைப் படுக்கையாக நிறுத்துக. முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடுவரை 40 சென்டிமீட்டர் எனில், அங்கே 10 கிலோ பைகள் இரண்டைத் தொங்கவிட்டால் 78 நியூட்டன் மீட்டர் உண்டாகும். கருவியின் சொந்த எடை சிறிது கூடுதலாகச் சேரும். 70-இல் வைத்தபோது ஒலித்து, 90-இல் வைத்தபோது ஒலிக்காவிடில் கருவி ஏறக்குறைய சரியாகவே உள்ளது.

அதைப் பெட்டியோடு வீட்டினுள் வைக்க. பாலை உறைய வைக்கும் ஆசிட் இருக்கும் கொட்டகையில் வைத்தால், ஓராண்டு முடிவதற்குள் துருவேறி எண்களே தெரியாமற் போகும்.