சங்கிலி ரம்பத்தைக் கையாளும் முறை



கத்தி கூரியது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் நாம் அசைத்தாலன்றிக் கத்தி அசையாது. கையிலிருக்கும்போதே தன் விசையால் தானே ஓடும் கூரிய கருவி ஒன்று உண்டு. அதுவே சங்கிலி ரம்பம். மரம் அறுக்கும் மெஷின் என்று ஊரார் வழங்குவதும் இதனையே. முற்காலத்தில் இருவர் எதிரெதிரே நின்று நெடுநேரம் இழுத்து அறுத்த மரத்தை, இன்று ஒருவரே சில நிமிடங்களில் அறுத்துவிடுகின்றார்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கழிமுக மாவட்டங்களிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தன. அடைபட்ட சாலைகளைத் திறப்பதற்கு இக்கருவி பெரிதும் உதவியது. அந்நாட்களில் உதவ ஓடி வந்தவர்களுள் கல்லூரி மாணவரும் இருந்தனர். ரப்பர்ச் செருப்புடனும் மடித்துக் கட்டிய வேட்டியுடனும், முன்பின் தொட்டறியாத ரம்பத்தை வாங்கி இயக்க முற்பட்ட சிலரை நான் கண்டேன். அவர்களுடைய தொண்டுள்ளம் போற்றத்தக்கது. ஆனால் இவ்வியந்திரத்தின்முன் துணிவு மட்டும் போதாது. அது இயங்கும் வகையைப் பற்றிய அறிவும் வேண்டும். அவ்வறிவின் பெரும்பகுதி உங்கள் பௌதிகப் பாடத்திலேயே அடங்கியிருக்கின்றது.

முதலில் கருவியின் அமைப்பைக் காண்போம். நீண்டு தட்டையான ஓர் இரும்புத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் பற்கள் பொருந்திய சங்கிலி. அதனை ஓட்டும் எஞ்சின் அல்லது மின்மோட்டார். இவ்வளவே. ஜெர்மானியப் பொறியாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பம் ஒன்றை உருவாக்கினார். 1940-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ், மரத்தை இடமும் வலமும் மாறி மாறிக் கடித்துக் குடையும் ஒரு வண்டுப் புழுவைக் கூர்ந்து நோக்கி, அதன் தாடைபோலவே சங்கிலியின் பற்களை அமைத்தார். அப்பற்கள் முழு வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகின்றன. அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். விரைந்து செல்லும் பேருந்தின் வேகம் அது!

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. சங்கிலி மரத்தை ஒரு திசையில் இழுத்தால், மரம் ரம்பத்தை எதிர்த்திசையில் தள்ளும். தகட்டின் அடிவிளிம்பில் சங்கிலி நம்மை நோக்கி ஓடி வருகின்றது. ஆகையால் அடிவிளிம்பால் அறுக்கும்போது ரம்பம் நம்மைவிட்டு முன்னே இழுபடுகின்றது. மேல்விளிம்பில் சங்கிலி நம்மைவிட்டு விலகி ஓடுகின்றது. ஆகையால் மேல்விளிம்பால் அறுக்கும்போது ரம்பம் நம்மை நோக்கித் தள்ளப்படுகின்றது. இவ்விரண்டையும் எதிர்பார்த்து நிற்பவர் தடுமாறமாட்டார்.

மூன்றாவதே கொடியது. தகட்டின் நுனியில், மேற்பாதி ஏதேனும் ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால், ரம்பம் முழுவதும் மேல்நோக்கி எழும்பி, இயக்குபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாயும். இதனைப் பின்னுதைப்பு என்று கூறலாம். நடப்பது இன்னதென்று மூளை உணர்ந்து கைக்குக் கட்டளையிடுவதற்குள் அது நடந்து முடிந்துவிடும். எனவே வலிமை மிகுந்தவர்க்கும் இது விலக்கன்று.

என்னிடம் பயின்று, பின்னர் முறையான பயிற்சி பெற்று மலைத் தோட்டமொன்றில் மரம் அறுக்கும் பணி செய்துவரும் ஒருவரிடம், "நீ முதலில் கற்றது என்ன?" என்று வினவினேன். "நுனி எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணமும் மறவாதிருக்கக் கற்றேன், ஐயா" என்றார். ஆசிரியனாகிய நான் அன்று மாணவனாகி, அவர் கூறிய விதிகளைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

ரம்பத்தை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடக்கையின் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைந்திருத்தல் வேண்டும். விரல் வளையாத பிடி பின்னுதைப்பில் நழுவிவிடும். ரம்பம் எழும்பினால் அது செல்லும் பாதையில் தலை இராதவாறு, தகட்டின் நேர்கோட்டிலிருந்து சற்று இடப்புறம் விலகி நிற்க வேண்டும். தோளுக்குமேல் உயர்த்தி அறுத்தலும், ஏணிமேல் நின்று அறுத்தலும் கூடா. முன்கைப்பிடிக்கு முன்னே உள்ள காப்புத் தகடு வெறும் மறைப்பன்று. அது முன்னே தள்ளப்பட்டவுடன் சங்கிலியை நிறுத்தும் பிரேக் ஆகும். ரம்பத்தைத் தரையில் ஊன்றி, பின்கைப்பிடியைக் காலால் மிதித்து, பிரேக்கை இட்ட பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். சூடாறாத எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுதல் தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

உடைக்கும் காரணம் உண்டு. இதற்கெனச் செய்யப்படும் காற்சட்டையினுள் நீண்ட, வலிய இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. சங்கிலி பட்டவுடன் அவ்விழைகள் உருவி வந்து பற்சக்கரத்தைச் சுற்றி அடைத்து, சங்கிலியை நிற்கச் செய்கின்றன. வேட்டியும் அவ்வாறே காக்கும் என்று எண்ணிவிடலாகாது. தொங்கும் துணியைச் சங்கிலி பற்றி இழுத்துக்கொள்ளும். தலைக்கவசமும், முகத்திரையும், காதுறையும், உறுதியான காலணியும் இன்றியமையாதவை. பெட்ரோல் ரம்பத்தின் ஓசை 100 டெசிபலுக்கு மேற்படுவது. 85 டெசிபலே நாள் முழுதும் கேட்டால் செவிக்குக் கேடு. பாட்டரியால் இயங்கும் ரம்பத்தில் எஞ்சினின் இரைச்சல் இல்லை. ஆனால் அதன் பற்களும் கூரியனவே.

இனி, புயலில் விழுந்த மரத்தைப் பற்றிச் சிறப்பாகக் கூற வேண்டும். நிற்கும் மரத்தைவிட வீழ்ந்த மரம் எளியது என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. இரண்டு புத்தகங்களின்மேல் ஓர் அடிக்கோலை வைத்து நடுவே அழுத்திப் பாருங்கள். மேற்பக்கம் நெருக்குண்டிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். இருமுனையும் தாங்கப்பட்டுக் கிடக்கும் அடிமரமும் அத்தகையதே. மேலிருந்து மட்டும் அறுத்துக்கொண்டே போனால், மரம் வாய்மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். நெருக்குண்ட பக்கத்தில் சிறிதளவு அறுத்து, பின்னர் இழுபட்ட பக்கத்திலிருந்து முடிப்பதே முறை. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை, வெட்டியவுடன் வில்போல் நிமிர்ந்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் அடிப்பகுதியை அறுத்தவுடன், வேர்க்கட்டை மண்ணோடு எழும்பிப் பழைய குழியிலேயே விழக்கூடும். அக்குழியில் சிறுவர்கள் இறங்கி விளையாடுவதை நான் கண்டதுண்டு. மரத்தின்மேல் மின்கம்பி கிடந்தால், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக உறுதி கூறும்வரை ஒருவரும் அதனருகே செல்லலாகாது.

"அப்படியானால் நாங்கள் கைகட்டி நிற்பதோ?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டுவதில்லை. பயிற்சி பெற்றவர் ரம்பம் இயக்கட்டும். நீங்கள் மக்களைத் தொலைவில் நிறுத்துங்கள். நிற்கும் மரத்தை வீழ்த்தும்போது அத்தொலைவு மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு இருத்தல் வேண்டும். ரம்பம் நின்ற பிறகு கிளைகளை அகற்றுங்கள். குழியினின்று சிறுவர்களை விலக்குங்கள். ரம்பம் இயக்குபவர் களைத்துவிட்டாரென்று கண்டால், ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். தனியாக அவரை விட்டு அகலாதீர்கள். விபத்து நேர்ந்தால் ஓடிச் சென்று உதவி அழைக்க ஒருவர் வேண்டுமல்லவா?

உங்களுள் சிலர் நாளை வனத்துறையிலோ, தோட்டத் தொழிலிலோ, தீயணைப்புப் படையிலோ சேர்ந்து இக்கருவியை முறையாகப் பயில்வீர்கள். அன்று இவ்விதிகள் அச்சுறுத்தும் கட்டளைகளாகத் தோன்றா. இயற்கையின் விதிகளாகவே விளங்கும். அதுவரையில், யாரேனும் ரம்பத்தை உங்கள் கையில் கொடுத்து, "பயமா உனக்கு?" என்று கேட்டால், "பயமில்லை, பயிற்சியில்லை" என்று தயங்காமல் கூறுங்கள். அவ்வாறு கூறுவதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவையே நான் உங்களிடம் வேண்டுகின்றேன்.