கஓர் வைன்

கஓர் என்பது பிரான்சின் தென்மேற்கில், லொட் ஆற்றின் கரைகளில் உற்பத்தியாகும் சிவப்பு வைன் ஆகும். அருகிலுள்ள கஓர் நகரின் பெயரே இதற்கும் வழங்குகிறது. அடர்ந்த நிறத்தால் இது 'கருப்பு வைன்' என்றும் அழைக்கப்படுகிறது.

திராட்சையும் நிலமும்

கஓர் வைனில் குறைந்தது 70% மல்பெக் திராட்சை இருக்க வேண்டும். மீதிக்கு மெர்லோ, தன்னா ஆகிய வகைகளைச் சேர்க்கலாம். மல்பெக்கை இப்பகுதியினர் 'கோ' என்றும் அழைப்பர். வைனின் நிறம் சாற்றிலிருந்து அல்ல, பழத்தோலிலிருந்து வருகிறது. மல்பெக் தோலில் நிறமியும் துவர்ப்புப் பொருளான தானினும் மிகுதி. சாறு தோலுடன் ஊறி நொதிக்கும்போது இவ்விரண்டும் அதில் இறங்குகின்றன. ஆற்றோரப் படிநிலங்களிலும், அவற்றுக்கு மேலுள்ள சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்திலும் கொடிகள் வளர்க்கப்படுகின்றன.

வரலாறு

இங்கு உரோமானியர் காலம் முதல் திராட்சை பயிரிடப்படுகிறது. இடைக்காலத்தில் கஓர் வைன் லொட், கரோன் ஆறுகள் வழியே போர்தோ துறைமுகத்துக்குப் படகில் சென்று, அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்தது. போர்தோ வணிகர்கள் தங்கள் வைனை முதலில் விற்பதற்காக, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் வைன்களைக் குறிப்பிட்ட நாள் வரை தடுத்து வைக்கும் சலுகையைப் பெற்றிருந்தனர். தரத்தில் குறையில்லாத வைனும் இதனால் சந்தையை இழந்தது. 1776இல் அமைச்சர் துர்கோ இச்சலுகைகளை நீக்கினார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்களைத் தாக்கும் பிலாக்செரா பூச்சி தோட்டங்களை அழித்தது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி 1956 பிப்ரவரியின் கடும் உறைபனியில் மடிந்தது. விவசாயிகள் மல்பெக்கையே மீண்டும் நட்டனர். அதன் பயனாக, 1971இல் புவிசார் குறியீட்டை ஒத்த பிரெஞ்சுத் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. இப்பெயர் சிவப்பு வைனுக்கு மட்டுமே உரியது. அதே தோட்டத்தில் வெள்ளை வைன் தயாரித்தாலும் அதைக் கஓர் என விற்க முடியாது.

அர்கெந்தீனாவும் கஓரும்

1853இல் மிசேல் பூழே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் மல்பெக்கை அர்கெந்தீனாவில் அறிமுகப்படுத்தினார். குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் மல்பெக்கின் பூக்கள் காய்க்காமல் உதிரும். அர்கெந்தீனாவின் வறண்ட மெந்தோசாவில் இக்குறை குறைவு. இன்று உலகிலேயே அதிக அளவு மல்பெக் விளைவது அந்நாட்டில்தான். அதன் புகழ் தாயகத்துக்கும் உதவியது: முன்பு ஊர்ப்பெயரை மட்டும் அச்சிட்ட கஓர் புட்டிகள் பலவற்றில் இப்போது மல்பெக்கின் பெயரும் காணப்படுகிறது.