இரண்டு வாசல், நான்கு வாசல்

ஒரு சுவரில் நீல நிற வாசல், எதிர்ச்சுவரில் ஆரஞ்சு நிற வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றின் வழியே வெளியே வருவீர்கள். 'போர்ட்டல்' வீடியோ கேம் முழுவதும் இந்த ஒரே யோசனையில் நிற்கிறது. அமெரிக்காவின் ரெட்மண்டில் உள்ள டிஜிபென் நிறுவன மாணவர்கள் உருவாக்கிய 'நார்பாகுலர் டிராப்' என்ற சிறு விளையாட்டில்தான் இது முளைத்தது. அதைப் பார்த்த வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் அந்த மாணவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007இல் போர்ட்டல் வந்தது. 2011இல் வந்த 'போர்ட்டல் 2', தனியாக ஆட ஒரு கதையும் இருவர் சேர்ந்து ஆட வேறொரு கதையும் கொண்டது.

தனியாக ஆடும்போது நீங்கள் செல் என்ற பெண். கையில் வாசல் திறக்கும் கருவி. எல்லாச் சுவரிலும் வாசல் திறக்காது. பெரும்பாலும் வெளிர்நிறப் பரப்புகளில்தான் திறக்கும். ஒரு வாசலுக்குள் எந்த வேகத்தில் விழுகிறீர்களோ, அதே வேகத்தில் மற்றதிலிருந்து வெளியேறுவீர்கள். ஆகவே எட்டாத மேடையை அடைய, முதலில் பள்ளத்தில் குதிக்க வேண்டும். பள்ளத்தின் தரையில் ஒரு வாசல், மேடைக்கு எதிரே உயரத்தில் மற்றொன்று. விழுந்த வேகம் உங்களை மேடைக்கு வீசிவிடும். இது பாதி இயற்பியல்தான். தரையிலும் அதற்கு நேர்மேலே கூரையிலும் வாசல் வைத்தால் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கலாம். நிஜ உலகில் ஆற்றல் அழிவின்மை விதி அந்த இலவச ஆற்றலை அனுமதிக்காது. ஆனால் இந்த ஒரு மீறலைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக நடப்பதால், யோசித்தால் விடை கிடைக்கும் என்று நம்பி உட்காரலாம். பெரும்பாலான புதிர் அறைகளில் அவசரமே இல்லை. அரைமணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மௌனம்தான் தனி ஆட்டத்தின் சிறப்பு.

நண்பரோடு ஆடும்போது இருவரும் அட்லஸ், பி-பாடி என்ற ரோபோக்கள். ஆளுக்கொரு ஜோடி, மொத்தம் நான்கு வாசல்கள். ஒருவருடைய வாசலை மற்றவருடையதோடு இணைக்க முடியாது. ஆனால் யார் திறந்த வாசலிலும் இருவரும் நுழையலாம். புதிரின் கடினம் இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை, அதன் தன்மையே மாறிவிடுகிறது. என் வாசல் வழியாக நீளும் ஒளிப்பாலத்தின் மேல் நண்பர் நடந்துகொண்டிருப்பார். நான் அவசரப்பட்டு வாசலை வேறிடத்துக்கு மாற்றினால் அவர் கீழே விழுவார். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தொடங்கும்போதே நம் யோசனையில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும். பேசாமலும் காட்ட வழி உண்டு: ஓர் இடத்தைச் சுட்ட ஒரு குறி, இருவரும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்த ஒரு எண்ணிக்கை. இந்தப் புதிர்களைச் சோதனைகளாக நடத்தும் கிளாடோஸ் என்ற இயந்திரமோ ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைக் குத்திக்காட்டி, இருவருக்குள்ளும் பிணக்கு மூட்டப் பார்க்கிறது.

என் கணிப்பில், முதலில் தனிக்கதையை முடித்துவிட்டுச் சேர்ந்து ஆடுவதே முறை. வாசல்களின் இலக்கணம் கைவசமாகியிருக்கும். ஆனால் இருவர் கதையை ஏற்கெனவே முடித்தவரோடு ஆடாதீர்கள். விடை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடும். உங்களைப் போலவே அந்த விடைகள் தெரியாத ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள்.