தன்னாட்சி நரம்புகளும் மருந்தின் தொழிலும்

இதயம் துடிப்பதற்கும் உண்ட உணவு சமிப்பதற்கும் மனிதன் கட்டளையிடுவதில்லை. அவன் உறங்கும்போதும் இவை நடைபெறுகின்றன. இவற்றை ஆள்வது தன்னாட்சி நரம்புத் தொகுதியாகும். மருந்தியல் பயிலும் தாதியர் முதற்கண் தெளிய வேண்டுவது இதன் அமைப்பே.

இத்தொகுதி இரு கூறுகளையுடையது. இடர் நேருங்கால், எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ உடலை ஆயத்தஞ் செய்வது பரிவுக் கூறு. அப்பொழுது இதயம் விரையும், கண்மணி விரியும், சுவாசக் குழாய்கள் அகலும். ஓய்வையும் சமிபாட்டையும் பேணுவது பரபரிவுக் கூறு. அதனால் இதயத்துடிப்புத் தணியும், கண்மணி சுருங்கும், உமிழ்நீர் பெருகும், குடல் அசையும்.

நரம்பின் ஆணை உறுப்பை அடைவது எங்ஙனம்? 1921 ஆம் ஆண்டில் ஒற்றோ லோவி என்னும் அறிஞர் தவளையொன்றின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, அவ்விதயத்திலிருந்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்திற் செலுத்தினார். தூண்டப்படாத அவ்விதயமும் தணிந்து துடித்தது. எனவே, ஆணையைக் கொண்டு சென்றது ஓர் இரசாயனப் பொருளென்பது பெறப்பட்டது. அதுவே அசற்றைல்கோலீன். பரிவு நரம்பு நுனிகளிற் பெரும்பாலும் சுரப்பது நோரதிரீனலின். இத்தூதுப் பொருள்கள் உறுப்பிலுள்ள வாங்கிகளைச் சேர்ந்தே தொழிற்படும். மருந்துகளும் அவ்விடத்தையே நாடுகின்றன. சில தூதுப் பொருளைப் போல நடிக்கும். சில அதன் வழியை அடைக்கும்.

இலங்கை வைத்தியசாலைகள் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் நஞ்சொன்று இதனை நன்கு விளக்கும். சேதனப் பொசுபேற்றுப் பூச்சிநாசினி, அசற்றைல்கோலீனைச் சிதைக்கும் நொதியத்தை முடக்குகின்றது. தூதுப் பொருள் அழியாது தேங்குகின்றது. கண்மணி ஊசிமுனையளவாய்ச் சுருங்கும். வாயில் உமிழ்நீர் வடியும். நுரையீரலில் நீர் சுரந்து மூச்சுத் திணறும். அத்திரோப்பீன் வாங்கிகளை அடைத்து இவற்றைத் தணிக்கின்றது. ஊமத்தையிலும் இப்பொருள் உண்டு. ஊமத்தையுண்டோரிடத்து நாவறட்சியும் விரிந்த கண்மணியும் தோன்றுவது இதனாலேயே.

நெஞ்சின் இரைச்சல் நீங்கி நாடி சீராகும்வரை அத்திரோப்பீன் மீண்டும் மீண்டும் ஏற்றப்படும். அளவு மிகின் காய்ச்சலும் பிதற்றலும் உண்டாகும், குடல் அசைவற்றிருக்கும். இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தியறிதல் தாதியின் கடமை.

எனினும், எலும்புத் தசைகளிலுள்ள வாங்கிகள் வேறுவகையின. அத்திரோப்பீன் அவற்றிற் பயன்படாது. நஞ்சுண்டு ஒரு நாள் முதல் நான்கு நாள்களுக்குள், தேறியவர்போற் காணப்படுபவரின் சுவாசத் தசைகளும் தளரக்கூடும் என்பதை நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இலங்கை வைத்தியர்கள் 1987 இல் விளக்கினர். தலையணையினின்று தலையைத் தூக்க இயலாமை அதன் முன்னறிகுறிகளுள் ஒன்று. அதனைக் காலத்தே கண்டு வைத்தியருக்கு அறிவிக்குந் தாதி, செயற்கைச் சுவாசத்துக்கு வழிசெய்து ஓர் உயிரைக் காத்தவளாவாள்.